உள்ளூர்க் காரணம்

பிஷ்கெக்
4 அக்டோபர் 1998

அன்புள்ள உம்சுனாய் அக்காவுக்கு,

மீரிம் எழுதுவது. வீட்டில் ஆள்களும் கொட்டிலில் ஆடுகளும் சுகம்தானே? காசிம் அத்தானின் முதுகுவலி தேவலையா? நான் நல்லபடியாக வந்து சேர்ந்தேன். தோலோன் கணவாயில் மட்டும் பஸ் ஒரு மணி நேரம் மூச்சு வாங்கி நின்றது.

எல்தார் எப்படி இருக்கிறான்? நான் கிளம்பும்போது மரத் தொட்டிலில் துணிக் கட்டுகளோடு தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்ப வேண்டாம் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். எழுப்பியிருக்கலாமோ என்று வழி முழுக்க நினைத்துக்கொண்டு வந்தேன். எழுந்ததும் தேடினானா? எனக்குப் பால் கட்டி மூன்று நாள் காய்ச்சல். முட்டைக்கோஸ் இலை வைத்துக் கட்டினேன், இப்போது பரவாயில்லை.

துறைத் தலைவரைப் பார்த்தேன். "பிள்ளை பெறப் போறேன்னு ஒரு வருஷம் போச்சு. இந்த ஜூன் அரசுத் தேர்வுல தேறலைன்னா பேரை அடிச்சிருவோம். அப்புறம் எங்கிட்ட வந்து அழக் கூடாது" என்றார். நான் அழவில்லை. வெளியே வந்துதான் அழுதேன்.

படிக்க இடம்தான் இல்லை அக்கா. விடுதி அறையில் நாலு பேர். ஒருத்தி தையல் மெஷின் வைத்திருக்கிறாள், ஒருத்தி ரேடியோ. மூன்றாவது பெகாயிம் என்று, நம் பக்கத்து நாரின் ஊர்க்காரி. அவள் படுத்துக்கொண்டே பேசுவாள், தூங்கினால் குறட்டை விடுவாள். வாசகசாலையில் நாற்பது நாற்காலி, முந்நூறு பேர். காலை எட்டுக்கே நாற்காலி மீது கோட்டைப் போட்டுவிட்டு எங்கோ போய்விடுகிறார்கள். நாள் பூராவும் கோட்டுகள்தான் உட்கார்ந்து படிக்கின்றன.

ஒரு வருஷம்தான். உங்கள் கொழுந்தன் எர்மெக் ரஷ்யாவுக்கு ரயில் ஏறும்போது, "அண்ணனுக்கு எட்டு வருஷமா பிள்ளை இல்ல, மூத்தவன் அவங்ககிட்டயே இருக்கட்டுமே" என்று சொன்னதை நான் மறக்கவில்லை. நீங்களும் பக்கத்தில் நின்றீர்கள். படிப்பு முடியட்டும், அப்புறம் பேசலாம் என்றேன். இப்போதும் அதுதான் என் பதில்.

அவன் நெற்றியில் என் பேரைச் சொல்லி ஒரு முத்தம் கொடுங்கள்.

உங்கள் ஓரகத்தி,
மீரிம்


அட்-பாஷி
22 அக்டோபர் 1998

அன்பு மீரிமுக்கு,

உன் கடிதம் வந்தது. நீ சுகமாக இருப்பதில் சந்தோஷம். இங்கே ஆள், ஆடு, குதிரை எல்லாம் சுகம். உன் அத்தானின் முதுகு குளிரைப் பார்த்தாலும் வலிக்கும், வேலையைப் பார்த்தாலும் வலிக்கும். கவலைப்படாதே.

எழுந்ததும் தேடினானா என்று கேட்டிருக்கிறாய். பிள்ளைகள் தேடத்தான் செய்வார்கள். பிறகு பால் குடித்தான். இப்போது ரவைக் கஞ்சி சாப்பிடுகிறான். மேல் பல் ஒன்று முளைக்கிறது. ஆளைப் பார்த்துக் கூப்பிடுகிற மாதிரி ஏதோ ஒரு சத்தம் கொடுக்கிறான்.

படிக்க இடமில்லை என்கிறாய். நான் பத்தாவது படித்தபோது பள்ளிக்கூட நிலக்கரிக் கொட்டகையில் உட்கார்ந்து படித்தேன். முகம் கறுத்தாலும் மார்க் வந்தது. உங்கள் கல்லூரியிலும் ஒரு நிலக்கரிக் கொட்டகை இல்லாமலா இருக்கும்? தேடிப் பார்.

டிரைவர் முகாயிடம் வெண்ணெயும் காய்ந்த தயிர் உருண்டையும் கொடுத்தனுப்பியிருக்கிறேன். முப்பது உருண்டை. குறைந்தால் அவன்தான் தின்றிருப்பான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உம்சுனாய்


பிஷ்கெக்
9 நவம்பர் 1998

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். இங்கே நான் நலம். உருண்டை இருபத்தாறு வந்தது.

நிலக்கரிக் கொட்டகையைத் தேடிப் போனேன். சிரிக்காதீர்கள். கொதிகலன் ஆள் உள்ளே குடித்துவிட்டுப் பாடிக்கொண்டிருந்தான். "வா தங்கச்சி, நீயும் ஒரு பாட்டு எடு" என்றான். ஓடி வந்துவிட்டேன். பிறகு மாடிக்குப் போகும் கடைசிப் படிக்கட்டு. அங்கே ஒரு ஜோடி, அதற்குக் கீழ்ப் படியில் இன்னொரு ஜோடி. நான் புத்தகத்தோடு போய் நின்றதும், "அக்கா, இந்தப் படியில ஆள் இருக்கு" என்கிறான் ஒருவன், என்னமோ டிக்கெட் வாங்கின மாதிரி. கோட்டு வாங்கி வைக்கும் அறைக்குப் போய், தொங்கும் கோட்டுகளுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்தேன். கதகதப்பாக இருந்தது. இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் ஒரு பெண் தன் கோட்டை உருவியதும் என் முகத்தைப் பார்த்து மயங்கி விழப் பார்த்தாள். காவல்காரி என்னைத் துரத்திவிட்டாள்.

கால்நடை மருத்துவக் கட்டடத்தில் ஒரு காலி வகுப்பு இருக்கிறது. குதிரை எலும்புக்கூடு ஒன்று நிற்கிறது. அமைதி என்றால் அப்படி ஒரு அமைதி. ஆனால் கண்ணாடி உடைந்த ஜன்னல், பேனா மை உறைந்துவிடுகிறது.

இடம் கிடைத்தாலும் படிப்பு ஏறவில்லை என்பதுதான் பயம். எங்காவது ஒரு பூனை கத்தினாலும் எழுந்து நிற்கிறேன். டிசம்பர் இரண்டாம் வாரம் பரீட்சை, ஒரு பக்கத்தை நாலு தடவை படிக்கிறேன்.

கூப்பிடுகிற மாதிரி சத்தம் கொடுக்கிறான் என்று எழுதியிருந்தீர்களே, என்ன சத்தம்? யாரைப் பார்த்து?

அத்தானுக்கு வணக்கம். எல்தாருக்கு முத்தம்.

மீரிம்


பிஷ்கெக்
3 டிசம்பர் 1998

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? போன கடிதத்துக்குப் பதில் இல்லை. கணவாயில் பனி என்று பஸ் நிலையத்தில் சொன்னார்கள். அதனால்தான் என்று நினைத்துக்கொள்கிறேன்.

இடம் கிடைத்துவிட்டது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எங்கள் இயற்பியல் கட்டடத்தின் அடியில், பன்னிரண்டு படி இறங்கினால், நிலநடுக்கம் பதிவு செய்யும் அறை. நடுவில் தரையோடு சேராமல் பாறை வரை இறக்கிய கான்கிரீட் மேடை. அதன் மேல் கருவி. ஓர் உருளை மெல்லச் சுற்றுகிறது, அதில் சுற்றிய காகிதத்தில் ஒரு முள் கோடு போட்டுக்கொண்டே இருக்கிறது. பூமி எங்கே அசைந்தாலும் முள்ளுக்குத் தெரியும். அதனால் அங்கே யாரும் நடக்கக் கூடாது, பேசக் கூடாது, கதவைச் சாத்தக் கூடாது. நான் தேடியதே அதைத்தானே.

அறைக்குப் பொறுப்பு லீரா சோய் என்ற கொரியக்காரி. நாற்பது வயது இருக்கும். பிள்ளைகுட்டி இல்லை, சிரிப்பும் இல்லை. காலில் கம்பளிச் செருப்பு. நான் கேட்டதும், "இது சத்திரமா?" என்றாள். மறுநாளும் போய் நின்றேன். "உனக்கு இருமல் உண்டா?" என்றாள். இல்லை என்றேன். "தும்மல்?" இல்லை. "காதலன்?" புருஷன் இருக்கிறார், ரஷ்யாவில் என்றேன். "அவ்வளவு தூரம்னா சரி" என்று ஒரு ஜோடி கம்பளிச் செருப்பைத் தூக்கிப் போட்டாள். தினமும் நாலிலிருந்து ஏழு வரை. பதிலுக்கு அறையை நான் பெருக்க வேண்டும், அதுவும் ஈரத் துணியால், சத்தமில்லாமல்.

பிள்ளை பிறந்த பிறகு முதல் தடவையாக ஒரே மூச்சில் நாற்பது பக்கம் படித்தேன். முடித்ததும் குற்றம் செய்த மாதிரி இருந்தது.

இரண்டு வரி போதும் அக்கா. எல்தார் சுகம் என்று மட்டுமாவது எழுதுங்கள்.

மீரிம்


அட்-பாஷி
27 டிசம்பர் 1998

அன்பு மீரிமுக்கு,

ஆண்டவன் புண்ணியத்தில் எல்லோரும் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும்.

தாமதத்துக்குப் பனிதான் காரணம். எல்தார் நன்றாக இருக்கிறான். தவழ்ந்து அடுப்பு வரை போகிறான். அடுப்பைச் சுற்றி உன் அத்தான் பலகை அடித்துவிட்டார். பலகையைப் பிடித்து எழுந்து நின்று எங்களைத் திட்டுகிறான்.

இடம் கிடைத்ததில் சந்தோஷம். அந்தக் கொரியக்காரிக்கு வெண்ணெய் அனுப்புகிறேன். குற்றம் என்று ஏன் நினைக்கிறாய்? படிக்கத்தானே போனாய்.

அட்-பாஷி டவுனில் ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கும் கடையில் நீலக் கம்பளி நூல் நல்லதாகக் கிடைத்தது. அவனுக்குக் காலுறை பின்னியிருக்கிறேன். மீதி நூலில் உனக்கும் ஒன்று. போட்டுக்கொள், பாதாள அறையில் கால் சில்லிட்டுப்போகும்.

புது வருஷம் நல்லபடியாகப் பிறக்கட்டும்.

உம்சுனாய்


பிஷ்கெக்
19 ஜனவரி 1999

அன்புள்ள அக்காவுக்கு,

நலமறிய வேண்டும். உண்மையாகவே அறிய வேண்டும்.

நடந்ததைச் சொல்கிறேன். போன வாரம் லீரா சோய் என் முன்னால் ஒரு கட்டுக் காகிதத்தை விரித்தாள். "இங்க பாரு. தினமும் நாலு மணிக்கு ஆரம்பிக்குது, ஏழு மணிக்கு நிக்குது. சின்னச் சின்ன அலை. ஒரே அளவு. ஞாயித்துக்கிழமை மட்டும் கிடையாது. பூமிக்கு ஞாயித்துக்கிழமை லீவா?" என்றாள். கோட்டில் ஒரு புழு ஊர்ந்த மாதிரி நெளிவு.

"நான் அசையவே இல்லையே" என்றேன். "படி, பார்க்கிறேன்" என்று எதிரே உட்கார்ந்தாள். படித்தேன். கொஞ்ச நேரத்தில் என் முழங்காலில் கையை வைத்து அழுத்தினாள். அப்போதுதான் தெரிந்தது, என் வலது கால் மேடையின் விளிம்பில் ஊன்றி ஆடிக்கொண்டிருக்கிறது. எட்டு மாதம் ஒரு காலால் எல்தாரின் தொட்டிலை ஆட்டிக்கொண்டேதான் நான் எதையும் படித்தேன். உங்களுக்குத் தெரியும். கால் இன்னும் நிற்கவில்லை.

"யாரோட தொட்டிலை ஆட்டுற?" என்றாள் அவள்.

அறைக்கு வந்து சிரித்துக்கொண்டே சொன்னேன். பெகாயிம் சிரிக்கவில்லை. எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "காலித் தொட்டிலையா ஆட்டினே? ரெண்டு மாசமாவா? அடிப்பாவி, ஊர்ல சின்னப் பிள்ளைகூட செய்யாதே" என்றாள். காலித் தொட்டிலை ஆட்டினால் பிள்ளைக்கு ஆகாது என்று நமக்குச் சொல்லித்தானே வளர்த்தார்கள். நான் இயற்பியல் படித்தவள். ஆனாலும் அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

உங்கள் டிசம்பர் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் படித்தேன். ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கும் கடை. அட்-பாஷி வட்டம் என்று பேர்தான், நம் ஊரிலிருந்து டவுனுக்கு வண்டி கட்டிப் போக அரைநாள். அந்தப் பனியில் நூல் வாங்கவா போனீர்கள்? எந்தத் தேதி போனீர்கள் அக்கா? என்னிடம் தேதி போட்ட காகிதம் இருக்கிறது. டிசம்பர் 11, 12, 14 தேதிகளில் அலை மிகப் பெரியதாக இருக்கிறது. அந்த வாரம் பரீட்சை, நான் நிறையப் படித்தேன்.

பதில் வராவிட்டால் புத்தகத்தைக் கட்டிவைத்துவிட்டுப் புறப்பட்டு வந்துவிடுவேன்.

மீரிம்


அட்-பாஷி
6 பிப்ரவரி 1999

மீரிம்,

முதலில் இதைப் படி: எல்தார் என் மடியில் உட்கார்ந்து இந்தக் காகிதத்தைக் கிழிக்கப் பார்க்கிறான். மூலையில் இருக்கும் எச்சில் அவனுடையது. நலம்.

டிசம்பரில் நெஞ்சுச் சளி, காய்ச்சல். ஆஸ்பத்திரியில் நாலு நாள். தேதி கேட்டாய். ஒன்பதாம் தேதி போனோம், பதின்மூன்றாம் தேதி திரும்பினோம். உன் காகிதத்தோடு ஒட்டியும் வருகிறது, ஒட்டாமலும் வருகிறது. உனக்கு எழுதியிருந்தால் நீ அந்தப் பனியில் கணவாயைத் தாண்டி வந்திருப்பாய். அந்த வாரம்தான் உனக்குப் பரீட்சை என்று எனக்குத் தெரியும். அதனால் மறைத்தேன். திட்டு. ஆனால் வராதே.

அந்த நாரின்காரியிடம் நான் சொன்னதாகச் சொல். எனக்குக் கல்யாணமானபோது என் அம்மா வீட்டில் தொட்டில் செய்து வைத்தார்கள். எட்டு வருஷம் அது மூலையில் இருந்தது. தூசி தட்டும்போதுகூட அசையாமல் தட்டினேன். ஒரு தடவை ஆட்டியதில்லை. அதனால் எனக்கு என்ன கிடைத்தது?

உன் மனசு சமாதானமாகாது என்று தெரியும். அதனால் ஒரு வழி சொல்கிறேன். காலியாக இருந்தால்தானே குற்றம்? எல்தாரின் சட்டை ஒன்று அனுப்புகிறேன். துவைக்கவில்லை, வேண்டுமென்றேதான். மடியில் வைத்துக்கொள். அப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் ஆட்டு. அவனைத்தான் ஆட்டுகிறாய்.

உம்சுனாய்


பிஷ்கெக்
5 மார்ச் 1999

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலமா? நான் நலம். எப்போதும் போல் அல்ல, கொஞ்சம் நிஜமாகவே நலம்.

சட்டை வந்தது. கஞ்சி வாசனையும் ஆட்டுப்பால் வாசனையும் எல்தாரின் கழுத்து வாசனையும் அப்படியே இருந்தது. பெகாயிம் வாங்கி மோந்து பார்த்துவிட்டு, "சரி, இது காலி இல்ல" என்று தீர்ப்புச் சொன்னாள்.

லீரா சோய் என் நாற்காலியை மேடையிலிருந்து தள்ளிப் போட்டாள், காலுக்கு அடியில் மூன்று மடிப்புக் கம்பளி விரித்தாள். அலை சிறுத்தது, போகவில்லை. மேலதிகாரி ஒருவர் வந்து பார்த்து, "இது என்னம்மா தினமும்?" என்று கேட்டாராம். அவள் பதிவேட்டைக் காட்டினாள். தேதிவாரியாக எழுதியிருக்கிறாள்: 'நாலு முதல் ஏழு வரை சிறு அதிர்வு. உள்ளூர்க் காரணம்.' அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாராம். உங்கள் வெண்ணெய் தீர்ந்துவிட்டது என்று உங்களுக்குத் தெரிவிக்கச் சொன்னாள். வேறெதுவும் சொல்லச் சொல்லவில்லை.

எர்மெக்கிடமிருந்து கடிதம் வந்தது. கட்டட வேலை இன்னும் இரண்டு வருஷம் இருக்குமாம். 'பையன் அண்ணிகிட்ட நல்லா ஒட்டிக்கிட்டான்னு அண்ணன் எழுதினார். நீ நிம்மதியாப் படி' என்று எழுதியிருக்கிறார். நிம்மதியாகப் படிக்கச் சொன்னதிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை.

பிப்ரவரியோடு எல்தாருக்கு ஒரு வயது முடிந்துவிட்டது. நடக்கிறானா? நடந்தால் சொல்லுங்கள். என்ன கூப்பிடுகிறான் என்று நவம்பரில் ஒரு கேள்வி கேட்டிருந்தேன். அதற்கும் பதில் வரவில்லை.

மீரிம்


அட்-பாஷி
8 ஏப்ரல் 1999

அன்பு மீரிமுக்கு,

சுகம். குட்டி போடும் காலம். நாற்பத்தொரு குட்டி, இரண்டு தவறிவிட்டன. கைக்கு ஓய்வில்லை, அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

எல்தார் தவழ்கிறான். சிலர் மெதுவாகத்தான் எழுந்து நடப்பார்கள். உன் அத்தான்கூட ஒன்றரை வயதில்தான் நடந்தாராம். இப்போதும் அப்படித்தான் நடக்கிறார்.

பிஷ்கெக் சந்தையில் குழந்தைகளுக்குத் தோல் அடி வைத்த காலணி கிடைக்குமாம். ஒரு ஜோடி வாங்கி அனுப்பு. அளவுக்கு நூல் வைத்திருக்கிறேன்.

கவனமாகப் படி. ஜூன் தூரத்தில் இல்லை.

உம்சுனாய்


பிஷ்கெக்
29 ஏப்ரல் 1999

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? குட்டிகள் தேறினவா?

என் இடம் போய்விட்டது. மே மாதம் முதல் மாணவர்கள் பாதாள அறைக்கு வரக் கூடாது என்று தாள் ஒட்டிவிட்டார்கள். புதுக் கருவி வருகிறதாம், அதற்கு இன்னும் அமைதி வேண்டுமாம். லீரா சோயிடம் கம்பளிச் செருப்பைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, பழைய பதிவுக் காகிதத்திலிருந்து ஒரு முழம் கிழித்துக் கொடுத்தாள். "குப்பைக்குப் போறதுதான். உன்னோடது" என்றாள்.

அதை இதோடு வைத்திருக்கிறேன். கறுப்புக் கோட்டில் நெளிநெளியாக இருப்பது நான் எல்தாரை ஆட்டியது. பிப்ரவரி 22, சட்டை வந்த மறுநாள்.

மறுபடி படிக்கட்டு, மறுபடி குதிரை எலும்புக்கூடு. இன்னும் ஆறு வாரம். எண்பது சீட்டு, ஒவ்வொன்றிலும் மூன்று கேள்வி. தேர்வுக் குழுவின் முன்னால் ஒரு சீட்டை எடுத்து, அதற்கு நின்று பதில் சொல்ல வேண்டும். பாதிதான் படித்திருக்கிறேன். தேறாவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் எழுதவில்லை, நீங்களும் எழுத வேண்டாம்.

காலணி அனுப்பியிருக்கிறேன். உங்கள் நூலைப் பத்து தடவை அளந்து பார்த்து வாங்கினேன். கடைக்காரி கேட்டதையே நானும் கேட்கிறேன். தவழ்கிற பிள்ளைக்குத் தோல் அடி எதற்கு அக்கா?

மீரிம்


அட்-பாஷி
26 மே 1999

மீரிம்,

நீ நலமாக இருக்க வேண்டும். நானும் நலம்தான், இடுப்பைத் தவிர.

எல்தார் மார்ச் பதினெட்டாம் தேதி நடந்தான். அடுப்புப் பலகையிலிருந்து வாசல் வரை, ஏழு அடி. நான் கையில் மாவோடு நின்றேன்.

பிள்ளை நடக்க ஆரம்பித்தால் காலில் கறுப்பும் வெள்ளையுமாக முறுக்கிய கயிற்றைக் கட்டி, ஊரைக் கூட்டி, ஓட்டப் பந்தயம் வைத்து, முதலில் வருகிறவர் அந்தக் கயிற்றை அறுக்க வேண்டும். செய்யாமல் விட்டால் ஆயுசுக்கும் இடறி விழுவான். இது உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கயிறு கட்டுவது யார்? பெற்றவள். என் வீட்டு முற்றத்தில், என் கையால் நான் கட்டிவிட்டால், அதற்குப் பிறகு ஊரில் அவன் யார் பிள்ளை என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

உன் அத்தான் நச்சரித்தார். "எர்மெக் சரின்னுட்டான். ஆட்டை அறுத்துக் கூட்டிருவோம். இன்னும் எத்தனை நாள் யோசிப்ப?" என்றார். கயிறு முறுக்கினேன் மீரிம். பொய் சொல்ல மாட்டேன். முறுக்கி, ஆணியில் மாட்டி, நாலு நாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பிறகு அவன் நடப்பதை யாருக்கும் காட்டவில்லை. ஆள் வந்தால் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வேன். கிணற்றுக்குப் போனாலும் இடுப்பில், கொட்டிலுக்குப் போனாலும் இடுப்பில். இரண்டு மாதமாக, நன்றாக நடக்கிற பதினோரு கிலோப் பையனை. "ஏன்டி, இவனுக்குக் கால் வரலையா?" என்று கேட்கிறார்கள். இன்னும் வரவில்லை என்கிறேன். அவன் திமிறுகிறான், கடிக்கிறான். காலணியை வீட்டுக்குள் மட்டும் போட்டு நடக்கவிடுகிறேன்.

உனக்குச் சொல்லாததற்கு இரண்டு காரணம். சொன்னால் படிப்பைப் போட்டுவிட்டு வந்துவிடுவாய் என்பது ஒன்று. இன்னொன்று, சொன்னால் வந்துவிடுவாய் என்பதுதான்.

நவம்பரில் கேட்டாயே. அம்மா என்று கூப்பிடுகிறான். என்னைப் பார்த்து.

உன் காகிதத்தைத் தொட்டிலுக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறேன். எல்தாரைத் தூக்கிக் காட்டி, இது உன் அம்மா என்று சொல்கிறேன். காகிதத்தைப் பார்த்துச் சிரிக்கிறான், என்னத்தைப் புரிந்துகொண்டானோ.

கயிறு ஆணியிலேயே இருக்கிறது. தேர்வை முடித்துவிட்டு வா.

உம்சுனாய்


பிஷ்கெக்
15 ஜூன் 1999

அன்புள்ள அக்காவுக்கு,

ஆளும் ஆடும் குதிரையும் குட்டிகளும் உங்கள் இடுப்பும் நலமாக இருக்க வேண்டும். இதை முகாயிடம் கொடுத்தனுப்புகிறேன். எனக்கு ஒரு நாள் முன்னால் வந்து சேரும்.

தேறிவிட்டேன். பட்டியலில் நாலாவது பெயர்.

உங்கள் கடிதம் கிடைத்த அன்று குதிரை எலும்புக்கூட்டின் கீழே உட்கார்ந்து மூன்று தடவை படித்தேன். கோபம் வந்தது. பை கட்டினேன். பெகாயிம் கதவை மறித்து நின்றாள். "அவ ரெண்டு மாசமா சுமந்தது நீ படிக்கணும்னுதானே? இப்ப நீ பாதியில போனா அவ இடுப்பு வீண்தானே?" என்றாள். பிறகு தினமும் காலையில் தையல் மெஷின்காரியையும் ரேடியோக்காரியையும் கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போனாள். பதினாறு நாள், பகலில் அந்த அறை எனக்கு மட்டும். குறட்டை விடும் ஆள் காவல். நான் எட்டு மாதம் அமைதியைத் தேடி அலைந்த கல்லூரியில் கடைசியில் அது என் கட்டிலிலேயே கிடைத்தது.

தேர்வில் ஒளி பற்றிய சீட்டு வந்தது. சொல்லிக்கொண்டே போனேன். நடுவில் குழுத் தலைவர் குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தார். "என்னம்மா, மேஜை ஆடுது?" என்றார். சட்டைப் பையில் எல்தாரின் சட்டை இருந்தது. "உள்ளூர்க் காரணம் ஐயா" என்றேன். இயற்பியல்காரர், அதற்குமேல் கேட்கவில்லை.

செப்டம்பரிலிருந்து நம் ஊர்ப் பள்ளியில் எனக்கு வேலை. பழைய களஞ்சிய அறையைச் சரிசெய்து அங்கேயே குடியிருப்பேன், உங்கள் முற்றத்துக்கு எதிரே. எல்தார் என்னோடு இருப்பான். எர்மெக்குக்கும் எழுதிவிட்டேன். இதை உங்களிடம் நேரில் சொல்லத் தைரியம் வராது, அதனால் எழுதுகிறேன். பகலில் நான் பள்ளிக்குப் போகும்போது எங்கே விடுவேன் என்று கேட்காதீர்கள்.

எனக்கு இப்போது இருக்கும் பயம் ஒன்றுதான். அவன் என்னைப் பார்த்து அழுவான்.

புதன்கிழமை மத்தியானம் பஸ் வரும். அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு வராதீர்கள். எல்லோரும் பார்க்கட்டும், காலணியைப் போட்டு முற்றத்தில் இறக்கி விடுங்கள். நான் வாசலில் நிற்கிறேன், நீங்கள் அடுப்பங்கரைப் பக்கம் நில்லுங்கள். எந்தப் பக்கம் நடந்து வந்தாலும் அன்றைக்கு நாம் இரண்டு பேரும் அழக் கூடாது.

கயிற்றை நான் கட்டுகிறேன். பந்தயத்தில் நீங்களும் ஓட வேண்டும். ஊரில் பெண்கள் எல்லோரிடமும் நான் சொல்லிவைப்பேன், ஒருத்தியும் உங்களுக்கு முன்னால் வந்து சேர மாட்டாள். இடுப்பைச் சரிபண்ணி வையுங்கள். கத்தியைத் தீட்டி வையுங்கள்.

உங்கள்,
மீரிம்